ஸ்டேஷன் மாஸ்டர் சொன்ன நேரம்

காப்பார், 1978

அன்புள்ள அத்தான்,

அம்மா வீட்டில் நன்றாகச் சாப்பிடுகிறேன். நான் திரும்புமுன் தொட்டிலைக் கழற்றி வைத்துவிட்டீர்களாம், தம்பி சொன்னான். நன்றி.

நம் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நான் பழைய கதைகளை வாசிக்கும்போது 'கண்ணீர் ஆறாகப் பெருகியது' என்று வந்தால், "எந்த ஆறு, கிள்ளான் ஆறா? சுத்தப் பொய்லா!" என்று சிரிப்பீர்கள். ஸ்டேஷன் மாஸ்டருக்கு ரயில் ஒரு நிமிடம் பிந்தினாலே பொறுக்காது. கதையில் ஒரு சொல் கூடினால் விடுவீர்களா?

குழந்தையை இழந்த அன்று, ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து கண் விழித்தேன். "ஒரு யுகமா வெளியில நின்னேன்" என்றீர்கள்.

"ஒரு மணி நேரம்கூட ஆகலையே, அண்ணே" என்றாள் நர்ஸ்.

"இல்லம்மா, யுகம்தான்."

அத்தான், அதைவிடச் சரியாக நீங்கள் நேரம் சொன்னதே இல்லை.

உங்களவள்