ஆறுக்கு இரண்டு

மார்ச் 4

நுழைவுத் தேர்வு மதிப்பெண் வந்துவிட்டது. கணக்கு பிரமாதம். மொழியும் மோசமில்லை. கட்டுரைக்கு மட்டும் ஆறுக்கு இரண்டு. ‘தோல்வி நல்ல ஆசிரியரா?’ என்று கேட்டிருந்தார்கள். இல்லை, அது வெறும் தோல்விதான் என்று எழுதிவைத்தேன். வேறென்ன கிடைக்கும்?

அப்பா பஸ் ஓட்டிவிட்டு வந்த சட்டையோடு நின்று, “மத்ததெல்லாம் நல்லாத்தானே இருக்கு?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

மார்ச் 6

சித்தப்பா வந்தார். ஃப்ரிட்ஜ் வாங்குவதென்றாலும் பல் பிடுங்குவதென்றாலும் இந்த வீட்டில் அவரைக் கேட்காமல் எதுவும் நடக்காது. அவருக்கு நானும் என் சிநேகிதி ஒல்லியும் வைத்த பெயர் ‘ஆலோசனை மையம்’. மதிப்பெண் அட்டையைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார்.

“கட்டுரையில ரெண்டா? கட்டடக்கலை காலேஜ்ல இததான் முதல்ல பாப்பான். பாத்ததும் தூக்கி ஓரமா வெச்சிருவான்.”

“அப்படின்னு எங்க போட்டிருக்கு சித்தப்பா?”

“இதெல்லாம் வெளிய போடுவாங்களா?”

அப்பா தலையாட்டினார். எட்டாம் வகுப்பிலிருந்து செருப்புக் கடை அட்டைப் பெட்டிகளை வெட்டி வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கு அந்தக் கல்லூரியைத் தவிர வேறெதுவும் தோன்றியதே இல்லை. அது அவர்களுக்குத் தெரியாதா?

மார்ச் 15

கட்டடக்கலைக்கு விண்ணப்பம் போடக் கடைசி நாள். போடவில்லை.

“வேண்டாம்னு சொல்லி அனுப்பினா அழுதுட்டு உக்காருவே. அதுக்குப் போடாமலே இருக்கலாம்” என்றாள் அம்மா. வணிகவியலுக்குப் போட்டாயிற்று. சித்தப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து போடவைத்தார்.

மார்ச் 16

அட்டை வீடுகளைக் குப்பை வண்டியில் போட்டேன். வண்டிக்காரர் ஒன்றை எடுத்துப் பார்த்து, “நல்லாருக்கே, ஏன்மா?” என்றார். சீ.

ஜூன் 2

ஒல்லிக்கு இடம் கிடைத்துவிட்டது. அங்கேதான். கணக்கில் என்னைவிடக் குறைவு, கட்டுரையில் அவளுக்கும் இரண்டு. “நீ போடவே இல்லையா? நெஜமாவா?” என்றாள். வாழ்த்துச் சொன்னேன். வயிறு எரிந்தது. இங்கேயும் பொய் சொல்வானேன்.

ஜூன் 3

கல்லூரிக்குப் போன் செய்தேன். அலுவலகத்து அம்மா பொறுமையாகப் பேசினார். “கட்டுரை மார்க்கா? சில இடங்கள்ல பாப்பாங்க. நாங்க எடுத்துக்கறதே இல்லையேம்மா. கணக்கும், இங்க வந்து வரையறதும்தான். யாரு சொன்னா உனக்கு?”

“தெரிஞ்சவங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஒரே ஒரு போன். மார்ச்ல ஒருத்தருக்கும் தோணலியே — எனக்கும்தான் தோணல. மக்கு, மக்கு.

ஜூன் 4

அப்பாவிடம் சொன்னேன். “அவன் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பான்” என்றார். நல்லதுக்குத்தான். இந்த வீட்டில் எனக்குக் கெடுதல் நினைக்கிறவர் ஒருத்தரும் இல்லை. சண்டை போடக்கூட ஆள் கிடையாது.

செப்டம்பர் 10

பற்று. வரவு. பற்று. வரவு. கொட்டாவி.

மார்ச் 9

வருஷம் ஒன்று ஓடிவிட்டது. இன்று சித்தப்பா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். இந்த வருஷம் அவள் தேர்வு எழுதியிருக்கிறாள். கட்டுரைக்கு ஒன்று. இரண்டுகூட இல்லை, ஒன்று! அவளுக்கும் கட்டடக்கலைதான் வேண்டுமாம்.

“கட்டுரை மார்க்க எவன் பாக்கறான்? நான் விசாரிச்சிட்டேன். நீதான் கம்ப்யூட்டர்ல கெட்டிக்காரியாச்சே, தங்கச்சிக்குப் போட்டுக் குடு” என்றார்.

விசாரித்துவிட்டாராம். அப்பா செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். நான் உட்கார்ந்து நிரப்பினேன். அந்தப் பெண் என்ன பாவம் செய்தது?

“நீ ஏன்க்கா அங்க போடல?” என்று கேட்டது.

நான் சித்தப்பாவைப் பார்த்தேன்.

“அவளுக்கு அதுல இஷ்டமில்லம்மா” என்றார், கண்கூடச் சிமிட்டாமல்.

அவள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. போன வருஷ மதிப்பெண் இந்த வருஷமும் செல்லும். இன்னொரு விண்ணப்பத்தைத் திறந்து என் பெயரை அடித்தேன்.

“அது யாருக்கு?” என்று எட்டிப் பார்த்தார் சித்தப்பா.

“இஷ்டமில்லாதவளுக்கு” என்றேன்.