மருந்து கொடுக்கக் கூடாத பத்து ஆடுகள்

செவ்வாய்க் கோள், மூன்றாம் மேய்ச்சல் கூடம்
நாள் 1,104. காலை 7.20
காற்றழுத்தம் சரி. புல் நான்கு விரல் உயரம். ஆடுகள் ஐம்பத்து மூன்று. எழுதுபவன் சோணைமுத்து, ஆடு மேய்ப்பவன், வயது எழுபத்தொன்று. இதுவரை நான் சொல்லச் சொல்ல இயந்திரம் எழுதியது. இன்று முதல் நானே எழுதுகிறேன். என் பெயரை மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்று முறையும் நான்தான்!

எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த கால்நடை மருத்துவர் நிலோபர், மேலே சுற்றும் நிலையத்திலிருந்து பேசினார்.
"அரைப்பக்கத்துக்கு ஒரு காலைப் பொழுதா அய்யா? அதுக்குள்ள ஒரு ஆடு குட்டியே போட்டிருக்கும்."
"போடட்டும் தாயி. அதையும் எழுதிக்கிறேன்."

நாள் 1,116. காலை 9.05
இரண்டு ஆடுகள் செத்தன. வயிற்றில் ஒட்டி இரத்தம் குடிக்கும் புழு. மருந்து ஊற்றியும் சாகவில்லை. கீழ்வளாகத்துக் கைக்குழந்தைகள் பதினேழு பேருக்கும் இந்தப் பால்தான். அடுத்த கப்பல் வர மூன்று வருடம்.

நாள் 1,117. மதியம் 12.40
மருந்து அலமாரி மேல் ஒரு பலகை உண்டு. இன்று எழுத்துக் கூட்டி அதைப் படித்தேன். யார் துணையுமில்லாமல் படித்துவிட்டேன் என்று முதலில் சிரித்தேன். "நீலப்பட்டை கட்டிய பத்து ஆடுகளுக்கு ஒருபோதும் மருந்து கொடுக்க வேண்டாம்." பிறகு கீழே உட்கார்ந்துவிட்டேன்.

எழுதியவர் முந்தைய மருத்துவர். ஊர் திரும்பிவிட்டார். எனக்குப் படிக்கத் தெரியாது என்று அவரிடம் நான் சொல்லவில்லை. மூன்று வருடமாக நீலப்பட்டைக்கும் சேர்த்தே ஊற்றினேன். பந்தியில் உட்கார்ந்தவர்களில் பத்துப் பேரின் இலையை மட்டும் தாண்டிப் போவது எங்கள் பக்கத்தில் பெரிய பாவம். நிலோபரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"மருந்துக்குச் சாகிற புழுவும் கொஞ்சம் மிஞ்சணும் அய்யா. அதுக்குத்தான் அந்தப் பத்து. சாகாத புழு அதோட கலந்தா, பிறக்கிறதுல பாதியாவது மருந்துக்கு மசியும். நீங்க மசியாததை மட்டும் விட்டு வச்சிட்டீங்க."
"பாவம்னு ஊத்துனேன் தாயி."
"தெரியும்."
திட்டியிருக்கலாம்.

நாள் 1,118. காலை 8.15
முட்டுக்காரி என்று ஒரு சினை ஆடு. மூன்று வருடத்தில் ஒரு நாளும் வாயருகே புட்டியைக் கொண்டுபோக விட்டதில்லை. "ஊற்றியாச்சு" என்று இயந்திரத்திடம் பொய் சொல்லியிருக்கிறேன். அவள் வயிற்றுப் புழுக்களைச் சோதித்தோம். பெரும்பாலும் மருந்தில் செத்தன.

"அவளை மட்டும் நாலாம் கூடத்துப் புதுப் புல்லுக்குக் கொண்டு போங்க. அந்தப் பழைய புழு அங்க பரவட்டும். மூணாம் கூடத்துல மத்த ஆடும் புழுவும் ஒண்ணுகூட மிஞ்சக் கூடாது அய்யா. குட்டி பிறக்கிற வரைக்கும் குழந்தைகளுக்கு இருப்புப் பால்பொடி தாங்கும். அந்தக் கூடத்துக் காத்தை வெளிய விட்டிருங்க."

நாள் 1,120. மாலை 4.10
மூன்றாம் கூடத்துக் காற்றை வெளியே விடும் திருகைத் திறந்தேன். ஐம்பது ஆடுகள்.
எல்லாப் பெயரையும் எழுத நினைத்தேன். கரிச்சி. சுட்டிவாலு. மேகவண்ணி. ஒற்றைக்கொம்பி. கை ஓடவில்லை. எழுதப் படித்தது இதற்குத்தானா?

நாலாம் கூடம்
நாள் 1,126. காலை 10.30
மசியாத புழு உள்ளே வராதபடி, குட்டிகள் பிறக்கும்வரை கதவு திறக்காது. உள்ளே நானும் அவளும்தான். அவள் ஆறு நாளாக மேயவில்லை. துணையில்லாமல் ஆடு மேயாது. சுவரைப் பார்த்துக் கத்துகிறாள்.
மதியம் 1.00. மண்டியிட்டுக் குனிந்து புல்லில் வாய் வைத்தேன். பார்த்தாள். வந்தாள். பக்கத்தில் நின்று மேய்ந்தாள்.

நாள் 1,151. காலை 11.45
தினமும் அவளோடு மேய்கிறேன். வயிறு வலிக்கிறது. என் கழிவில் புழு முட்டைகள்.
"ஆட்டுப் புழு மனுஷனுக்குள்ள நிலைக்காதுன்னு நினைச்சேன். வேற ஆடு இல்லாததால உங்ககிட்டயே வாழப் பழகுது. மருந்தைக் குடிங்க அய்யா, இப்பவே!"
"குடிச்சா எனக்குள்ளயும் மசியாததுதானே மிஞ்சும்? என் எருவும் இந்தப் புல்லுக்குத்தான் போகுது."
"நீங்க ஆடு இல்ல அய்யா!"
"அவளுக்கு நான் ஆடுதான் தாயி."

நாள் 1,163. நேரம் பார்க்கவில்லை
முட்டுக்காரிக்கு மடி இறங்கிவிட்டது, ஈனும் நேரம்தான். இரண்டு குட்டி இருக்கும். எனக்குக் கண் இருட்டுகிறது. வரி மேலும் கீழும் போகிறது. கதவு திறந்து வருபவருக்கு: நான் விழுந்து கிடந்தால் முதலில் இதைப் படியுங்கள். என் வாயில் மருந்து ஊற்றக் கூடாது. பாவம் பார்த்து ஊற்றிவிடாதீர்கள்