எடுத்தால் சம்மதம்

இன்று காலை தென்காசி மார்க்கெட்டில் ஒரு கவுளி வெற்றிலை வாங்கினேன். நீ போன பிறகு வெற்றிலைக் கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவள் நான். கடைக்காரர் ஈரச் சாக்கை விலக்கியதும் அந்த வாசம் முகத்தில் வந்து அடித்தது. உன் பக்கத்தில் உட்கார்ந்தாலே வருமே, அதே வாசம். வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டார். ஓர் ஆளுக்கு மரியாதை செய்ய வேண்டியிருக்கிறது என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் அவருக்குச் சரியாகக் கேட்டிருக்காது.

நீ இருந்திருந்தால், "எவன் குடியைக் கெடுக்கக் கெளம்பிட்டட்டி?" என்று கேட்டிருப்பாய். சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சீசன் முடிந்தும் சாரல் விடவில்லை, குற்றாலம் மலை தெரியாமல் மூடிக் கிடக்கிறது. இப்படி ஒரு சாயங்காலத்தில் உன்னிடம் பேசாமல் வேறு யாரிடம் பேச?

நாம் இருவரும் ஒரே தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள். நீ சீசனுக்கு அருவிக்குப் போகிற ரோட்டில் மங்குஸ்தான் விற்றாய். என் வீட்டுக்காரருக்கு முதுகு விழுந்து வேலை செய்ய முடியாமல் போன பிறகு அவருடைய மைக் செட்டை நான் கையில் எடுத்தேன். பொம்பளை மைக் செட் கட்டுவதா என்று ஊரே சிரித்தபோது, கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து குழாய் ஸ்பீக்கரின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்தவள் நீ. அதன் பிறகு எனக்குக் கூட்டம் இருந்த நாளெல்லாம் உனக்கும் கூட்டம்தான். காலிப் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு, வெற்றிலையை மடித்துக் கடைவாய்க் கொடுப்புக்குள் தள்ளிவிட்டு, மேடையைப் பார்த்துக்கொண்டே இருப்பாய்.

மைக் செட்காரி கேட்காத ஜனநாயகமா? மேடைக்கு மேடை அதற்கு ஓர் அர்த்தம் இருந்தது. பெரும்பாலானவர்கள் சொல்வதே ஜனநாயகம் என்பார் ஒருவர். மறுவாரம் அதே மைதானத்தில், என்னுடைய அதே மைக்கில், எண்ணிக்கையில் குறைந்தவர்களைக் காப்பாற்றுவதுதான் ஜனநாயகம் என்பார் இன்னொருவர். இரண்டு பேருக்கும் நீ கை தட்டுவாய். குற்றாலத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வந்த பேராசிரியரை நினைவிருக்கிறதா? ஓட்டுப் போடுவதோடு முடிவதில்லை, மக்கள் கேள்வி கேட்பதுதான் ஜனநாயகத்தின் உயிர் என்று அருமையாகப் பேசினார். ஒருத்தர் கேள்வி கேட்க எழுந்ததும் நேரமில்லை என்று காரில் ஏறிப் போய்விட்டார். அன்று நீ சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு என் ஆம்ப்ளிபயர் மேல் தெறித்தது. ஊர் வந்து சேரும் வரை பஸ்ஸில் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

திட்டி ஓய்ந்த பிறகு, சரி, உனக்குத் தெரிந்த ஜனநாயகத்தைச் சொல்லு பார்ப்போம் என்று வம்புக்கு இழுத்தேன். நீ ஜன்னல் வழியே துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்.

"எனக்கு வேண்டாம்னு ஒருத்தி சொல்லணும். சொல்லிட்டு, மறுநா காலைல அதே பைப்புல எல்லாரோடயும் நின்னு தண்ணி பிடிக்கணும். அவ்ளோதாம்ட்டி."

இவ்வளவுதானா, இதற்கா நாட்டுக்கே சுதந்திரம் வாங்கினார்கள் என்று கிண்டல் செய்தேன். நீ அடுத்த வெற்றிலைக்குக் காம்பைக் கிள்ள ஆரம்பித்தாய்.

உனக்கு எல்லாமே பைப்பில்தான் வந்து நிற்கும். நிற்காமல் என்ன செய்யும்? எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள் அருவியில் தலை கொடுத்து நிற்கிறார்கள், அந்த மலையடிவாரத்தில் இருக்கும் நம் தெருப் பைப்பில் காற்றுதான் வருகிறது. பெரிய வீடு இருக்கிற மேலத்தெருவில் தண்ணீர் வீதியில் ஓடும். நீ பஞ்சாயத்து ஆபீசுக்கு நடையாய் நடந்தாய். தலைவர் நாற்காலியில் பெரிய வீட்டம்மா உட்கார்ந்திருப்பாள், பதிலை அவள் புருஷன் சொல்லுவான். பெண்களுக்கு ஒதுக்கின ஊர் அல்லவா, அதனால் பெயர் அவளுடையது. முகத்துக்கு நேரே நாம் அவனை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டோம். இந்தக் கடிதத்தில் அவன்தான். அந்த அளவுக்காவது எனக்கு உரிமை வேண்டும்.

அலுத்துப்போய்த்தான் நீயே தேர்தலில் நிற்கிறேன் என்று மனுக் கொடுத்தாய். நம் ஊரில் அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. அவனுக்கும் ஒரு ஜனநாயகம் இருந்ததே. கோயில் கொடைத் திருவிழா வரும்போதெல்லாம் என் மைக்கைப் பிடித்து அதைச் சொல்லுவான்: "நம்ம ஊர்ல எலெக்‌ஷன்ல போட்டினு ஒண்ணு நடந்ததே கெடையாது. எல்லாருக்கும் ஒரே மனசு. அதாம்யா நெசமான ஜனநாயகம்." ஊரும் தலையாட்டும். தலையாட்டாதவனிடம் கோயில் வரி வாங்காமல் ஊரை விட்டுத் தள்ளிவைப்பார்கள், அவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் கொடுக்க மாட்டார்கள். ஒரே மனசு அப்படித்தான் உண்டானது.

அம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா? பேசி முடிவானதும் வெற்றிலைத் தட்டு சுற்றி வரும். எடுத்தால் சம்மதம். அம்மன் முன்னால் எடுத்ததைத் திருப்பி வைக்கக் கூடாது. பாட்டன் காலத்திலிருந்து பேச்சுக்குப் பின்னால்தான் தட்டு வரும். அன்றைக்கு அந்தப் படுபாவி தட்டை முதலில் அனுப்பினான். அதுவும் நேரே உன் முன்னால். உன்னை ஒரு பொருட்டாக நினைத்து முதலில் நீட்டுகிறார்கள் என்று உன் முகம் மலர்ந்ததை ஆம்ப்ளிபயர் பக்கத்திலிருந்து பார்த்தேன். வெற்றிலை என்றால் உன் கை உன்னைக் கேட்டுக்கொண்டா போகும்? எடுத்தாய். காம்பைக் கிள்ளி வாயிலும் போட்டுவிட்டாய்.

அப்புறம்தான் அவன் எழுந்தான். ஊர் ஒற்றுமைக்காகத் தங்கச்சி தன் மனுவை வாபஸ் வாங்கச் சம்மதித்துவிட்டாள், வெற்றிலையும் எடுத்துவிட்டாள் என்றான். எல்லாரும் கை தட்டினார்கள். நீ வாயில் வெற்றிலையோடு எழுந்து நின்றாய். "எடுத்தது எடுத்ததுதான் தாயி. அம்மன் பாத்துக்கிட்டிருக்கா" என்று அவன் சிரித்த முகத்தோடு சொன்னான். இது அநியாயம், தட்டு முன்னால் வந்தது என்று நான் கத்தினேன். அவன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "மைக் செட்டுக்கு வந்தவ மைக் செட்டை மட்டும் பாக்கட்டும்" என்றான். கையோடு உன்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

அன்று உன் வீட்டுக்கு வந்து உன்னோடு சண்டை போட்டேன். காரிலிருந்து இறங்கியிருக்க வேண்டியதுதானே, கையெழுத்துப் போட மாட்டேன் என்றிருக்க வேண்டியதுதானே என்று கேட்டேன். "அம்மன் முன்னால கை நீட்டிட்டேனேட்டி" என்றாய். உன்னை ஏமாற்றியவன் அம்மனுக்குப் பயப்படவில்லை, ஏமாந்த நீ பயந்தாய். அதன் பிறகு உன் வாய் சிவந்து நான் பார்க்கவில்லை. அடுத்த மழைக்குக் காய்ச்சலில் போய்விட்டாய். காய்ச்சல்தான் என்று டாக்டர் சொன்னார், அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். என் மனசு ஒத்துக்கொள்ளவில்லை, இன்று வரைக்கும்.

இதை மட்டும் நீ கேட்டிருக்க மாட்டாய். உன்னைத் தூக்குகிற நேரத்தில் அவன் மாலையோடு வந்தான். உன் காலடியில் வைத்துவிட்டு, சுற்றி நின்றவர்களிடம், "நல்ல பொம்பள. ஊரோட ஒத்துப் போனவ" என்றான். உன் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அழவில்லை. செத்த பிறகும் உன்னைச் சம்மதிக்க வைத்துவிட்டுப் போகிறானே. இவனை ஒரு நாள் நம் தெருவில் நிறுத்துகிறேன் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அந்த நாள் வர இந்தத் தேர்தல் வரை காத்திருந்தேன். மனுக் கொடுத்தேன். அதே கோயில், அதே கூட்டம், மைக்கும் என்னுடையதே. இந்தத் தடவையும் பேச்சுக்கு முன்னால் தட்டு வந்தது, நேரே என்னிடம். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மைக் முன்னால் குனிந்து, "எனக்கு வேண்டாம்" என்றேன். நான்கு ஸ்பீக்கரிலும் அது போய் மலையில் மோதித் திரும்பி வந்தது. மரியாதைக்காவது எடு என்றான். "நான் வெத்தல போடுததில்ல அண்ணாச்சி. ஒருத்தி போட்டதே போதும்" என்றேன்.

அந்த வாரமே கொடைக்கு என் மைக் வேண்டாம் என்று சொல்லி, சுரண்டையிலிருந்து ஆள் பிடித்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் என்னோடு பேச்சை நிறுத்தினார். கூட்டத்துக்கு மறுநாள் காலையே குடத்தோடு பைப்புக்குப் போயிருந்தேன். நம் தெருப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் குடங்களைப் பார்த்தார்கள். உன் சொல் நினைவுக்கு வந்தும் திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். கடைசியில் நின்றவள் தன் குடத்தைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் விட்டாள். காற்று வந்த பைப்பிலிருந்து அன்று அரைக்குடம் தண்ணீர் கிடைத்தது.

போட்டி என்றாகிவிட்டால் ஓட்டுக் கேட்டு வந்துதானே ஆக வேண்டும்? இன்று மத்தியானம் அவன் நம் தெருவுக்குள் கால் வைத்தான். இத்தனை வருஷத்தில் உன் சாவுக்கு அடுத்து இன்றுதான். கையைக் கூப்பிக்கொண்டு, சாரலில் நனைந்து, வீடு வீடாக ஏறி இறங்கி வந்தான். பெண்டாட்டி பின்னால் நடந்து வந்தாள். அந்தக் காட்சியைக் காண உனக்குக் கொடுத்துவைக்கவில்லையே என்றுதான் எனக்கு ஆற்றாமை.

உன் வீட்டு வாசலில் நான் நின்றேன். கையில் உன்னுடைய எவர்சில்வர் தட்டு, உன் வீட்டுக்காரர் தானாகவே தேடி எடுத்துக் கொடுத்தது. காலையில் வாங்கின வெற்றிலையை அதில் அடுக்கியிருந்தேன். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அவன் படியேறியதும் ஒன்றும் பேசாமல் தட்டை நீட்டினேன். ஓட்டுக் கேட்டு வந்த வீட்டில் வெற்றிலையை வேண்டாம் என்பானா? சிரித்துக்கொண்டே எடுத்தான். அவன் கையும் அவனைக் கேட்கவில்லை.

"சந்தோசம் அண்ணாச்சி. நம்ம ஊர்ல இனி எல்லாத் தடவையும் போட்டி உண்டுங்கதுக்கு நீங்க சம்மதிச்சிட்டிய. எல்லாரும் பாத்துக்கிட்டாவ" என்றேன்.

சிரிப்பு அப்படியே நின்றது. வெற்றிலையை வாயில் போடவும் முடியாமல், கீழே விடவும் முடியாமல் நின்றான். நான் கொஞ்ச நேரம் அவனை அப்படியே நிற்க விட்டேன். ஆமாம், ருசித்துப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பிறகு, "வேண்டாம்னா திருப்பி வச்சிருங்க. இங்கன யாரும் உங்களை ஊரை விட்டுத் தள்ள மாட்டோம்" என்றேன். உனக்கு அவன் கொடுக்காததை அவனுக்குக் கொடுத்தேன், அது அவனுக்குச் செருப்பால் அடித்தது போல இருக்கும் என்று தெரிந்தேதான் கொடுத்தேன். அவன் வைக்கவில்லை. சட்டைப் பையில் திணித்துக்கொண்டு இறங்கினான்.

அப்போது ஒன்று நடந்தது. பெரிய வீட்டம்மா நகரவில்லை. இத்தனை வருஷம் தலைவராக இருந்தும் என் மைக்கில் ஒரு வார்த்தை பேசாதவள். "எனக்கும் ஒண்ணு தா தாயி" என்றாள். எடுத்து, புருஷன் பார்க்கப் பார்க்க, காம்பைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள். பிறகுதான் படியிறங்கினாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. அவள் மேல் இருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இப்போதுவரை தெரியவில்லை.

நாளை மறுநாள் ஓட்டு. ஜெயிப்பேனா, தெரியாது. மேலத்தெரு முழுக்க அவர்கள் பக்கம்தான். ஆனாலும் தோற்கிறவள் யார் என்பதை இந்தத் தடவை தட்டு சொல்லாது, எண்ணிப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். மீதி வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி, உன் போட்டோவுக்குக் கீழே வைத்துவிட்டு வந்தேன். சுண்ணாம்பும் வைத்திருக்கிறேன். பயப்படாமல் போட்டுக்கொள்.

மேடைகளில் கேட்ட அர்த்தமெல்லாம் மறந்துவிட்டது, உன்னுடையது மட்டும் மறக்கவில்லை. நீ சொன்னபடி பார்த்தால், ஜெயித்தாலும் தோற்றாலும் மறுநாள் அவன் வீட்டுக் குடமும் அதே பைப்புக்கு வரலாம். வரட்டும், யாரும் தடுக்க மாட்டோம். ஆனால் உன் அளவுக்கு நான் நல்லவள் இல்லை. குடத்தை அவனே தூக்கிக்கொண்டு வரட்டும். வந்து, வரிசையில் எனக்குப் பின்னால் நிற்கட்டும்.