தாயம்மா கேட்கிற கை

மரியே வாழ்க

ராயபுரம்,
ஞாயிறு, பூசை முடிந்து

அன்பு மருமகள் ஜூடிக்கு உன் மாமா ஜார்ஜ் எழுதுவது. நான் இங்கே இரும்புக் குண்டு மாதிரி இருக்கிறேன், அங்கே உன் உடம்பு எப்படி, குளிர் விட்டதா, அந்த நாட்டு ரொட்டி இன்னும் தொண்டையில் இறங்கமாட்டேன் என்கிறதா என்று அறிய ஆவல். தினம் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் காகிதம் எடுத்தான் என்று நினைப்பாய், காரணம் இருக்கிறது, வரிசையாக வருகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பேனா சரியில்லை என்று வைத்துக்கொள்.

ஜெர்மனியில் நீ செய்கிற ஆபரேஷன் கொக்கியைப் பற்றித் தெரியாத ஆள் ராயபுரத்தில் இல்லை. விரலை இழுக்கிற நார் ஒரு வளையத்துக்குள் ஓடுகிறது, நாரில் முடிச்சு விழுந்தால் வளையத்தில் சிக்கி விரல் மடங்கினபடி நின்றுவிடும், கப்பல் கயிறு மாதிரிதான், என் மருமகள் உள்ளங்கையைப் பிளக்காமல் அரிசி நுழைகிற துளை போட்டு அதன் வழியாகக் கொக்கியை விட்டு, பக்கத்து நரம்பில் படாமல் அந்த வளையத்தை மட்டும் அறுப்பாள் என்று எட்டாங்கிளாஸ் படித்த நான் சொல்லும்போது கேட்கிறவன் வாயைப் பிளக்கிறான். ஜெர்மன் டாக்டர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்றும் சொன்னேன். நீ சொல்லவில்லைதான், ஆனால் தட்டியிருப்பார்கள். டீக்கடை ஷம்ஷாத்துக்குத்தான் வாய் அடங்காது. "இன்னா நைனா, போன வாரம் பத்து டாக்டருன்னே, இந்த வாரம் நாப்பதாயிட்டாங்க, அடுத்த வாரம் ஜெர்மனில பேஷண்டே இல்லாம பூடுமா?" என்று கடையே சிரிக்கிற மாதிரி கேட்டாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தால் சிரிக்க ஆள் இல்லை, உன் அத்தை சிலுவையம்மாள் போட்டோவுக்கு முன்னால் இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் படுப்பேன்.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் நீ இரண்டு பொட்டலம் மாவு அனுப்பினாயே, தண்ணீரில் கரைத்துக் கையை விட்டால் ரப்பர் மாதிரி உறையும், கையை உருவிக்கொண்டு அந்தக் குழியில் சுண்ணமாவு ஊற்றினால் கை கிடைக்கும், அதை வைத்து டாக்டர்கள் பழக ரப்பர் கை செய்யப்போகிறோம், தோல் தடித்த உழைப்பாளிக் கை வேண்டும் என்றாயே. அனுப்பினேன். உங்கள் கை என் மேஜை மேலேயே இருக்கிறது மாமா, மத்தியானம் தனியாகச் சாப்பிடும்போது அதன் மேல் கை வைத்துக்கொள்வேன், நீங்கள் பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கும் என்று பெரிய வெள்ளிக்கிழமை அன்று சொன்னாய். அப்புறம், மாமா, கட்டைவிரல் அடியில் இருந்த தழும்பைக் காணோமே என்று கேட்டாய். வயசானால் தழும்பெல்லாம் மறைந்துவிடும் என்றேன். போனில் பொய் சுலபமாக வந்துவிடுகிறது ஜூடி.

என் கூட்டாளி அருள்நாதன் போய்விட்டான் என்று அவன் இறந்த அன்றைக்கே உனக்குச் சொன்னேன். துறைமுகத்தில் முப்பது வருஷம் கன்டெய்னருக்கு நான் ஒரு பக்கம் கம்பி முறுக்கினால் அவன் மறுபக்கம் முறுக்குவான். காற்றில் ஆடின கன்டெய்னரை நான் ஒற்றைக் கையால் நிறுத்தினதாக நீ சின்ன வயசில் கேட்ட கதையிலும் இன்னொரு கை அவனுடையதுதான். மீன் வாங்கிவந்து பையை வைத்துவிட்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்து கல்லறைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அவன் பெண்சாதி தாயம்மா என்னை நிறுத்தி, "அண்ணே, அவுரு கையி ஜெர்மனில கீதே, பத்திரமா கீதா? போட்டோல மூஞ்சி கீது, கையி எதுலயும் சரியா வுழல. ஒரு தபா தொட்டுப் பாத்துக்கறேன், கேட்டு வாங்கிக் குடுண்ணே" என்றாள்.

புரிந்திருக்கும். உன் மேஜை மேல் இருப்பது என் கை இல்லை. அருள்நாதன் கை. அன்றைக்கு நான் கெஞ்சினதும் மறு பேச்சு இல்லாமல் வாளியில் கையை விட்டான். "ஏம்பா, எங்கையி ஏரோப்ளேன்ல போவுது, நா இன்னும் புழலத் தாண்டல" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தான். என் வலது மோதிர விரல் ஒன்றரை வருஷமாக மடங்கிக் கிடக்கிறது. வெந்நீரில் சரியாகிவிட்டது என்று நான் சொன்னதும் பொய். முன்பெல்லாம் காலையில் இடது கையால் இழுத்தால் டக்கென்று நிமிரும், மழைக்காலத்திலிருந்து அதுவும் இல்லை. சோற்றை ஸ்பூனில் சாப்பிடுகிறேன், சட்டைப் பொத்தான் போட அரைமணி நேரம். ஊரெல்லாம் உன் கொக்கியைப் பற்றிப் பேசினதெல்லாம் கையைப் பையில் வைத்துக்கொண்டுதான். தெரிந்தால் நீ வேலையை விட்டு ஓடிவருவாய் என்று மறைத்தேன் என எழுதினால் அழகாக இருக்கும். அப்படி இல்லை. தெரிந்தும் நீ வரமுடியாமல் போனால் அதற்கப்புறம் இந்த வீட்டில் எப்படி இருப்பது என்றுதான் பயந்தேன். நிமிர்ந்த விரலை வைத்து அளவெடுத்து உன் வேலை கெட்டுப்போயிருந்தால் மாமாவை மன்னித்துவிடு.

மீதி இருந்த மாவில் முந்தாநாள் என் கையை அச்செடுத்தேன். உருவ வரவில்லை, ஷம்ஷாத் வந்து கத்தியால் கீறி எடுத்துவிட்டாள், "இதத்தான் இத்தினி நாளா மூடி மூடி வச்சிக்கினு இருந்தியா" என்று திட்டினாள், அப்புறம் அவளே சுண்ணமாவும் ஊற்றினாள். சுண்ணக் கையில் மடங்கின விரல் நுனி உடைந்தது, ஒட்டியிருக்கிறேன். நேற்று தபாலாபீஸில் பெட்டிக்குள் என்ன என்றார்கள், கை என்றேன், அந்த அம்மாள் என் இரண்டு கையையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் முத்திரை குத்தினாள். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் விரலை வெட்டித் திறக்கிறார்கள். மருமகள் கொக்கி வரும்வரை பொறுக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன், விரல் அதுவரை பொறுக்காது என்றார் டாக்டரம்மா. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் கூட யார் வருவார்கள் என்ற இடத்தில் போன தடவை உன் பெயரைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இந்தத் தடவை ஷம்ஷாத் வருகிறாள். திறப்பதற்கு முன்னால் மடங்கினபடியே உனக்கு வேண்டியிருக்கும் என்றுதான் அவசரமாக எடுத்தேன்.

மாதாவின் கை உன் தலைமேல் எப்போதும் இருக்கட்டும், உன் கொக்கி நூறு தேசம் போகட்டும், வேளைக்குச் சாப்பிடு. அருள்நாதன் கையை மறக்காமல் பஞ்சு சுற்றித் தாயம்மா பெயருக்கே அனுப்பிவை, விரல்தான் முதலில் உடையும். பேனா நல்ல பேனாதான். பெட்டியைப் பிரித்ததும் கட்டைவிரல் அடியில் தடவிப் பார். சின்ன வயசில் பொம்மைக் கிரேன் செய்து தா என்று நீ அழுதாயே, பவுடர் டப்பாவை வெட்டும்போது கிழித்ததே, உன் ரிப்பனை அவிழ்த்துக் கட்டிவிட்டாயே, அந்தத் தழும்பு அப்படியே இருக்கிறது.

உன் மாமா,
சூ. ஜார்ஜ்