வைஃபை நின்றதும் வீட்டைப் பூட்டச் சொன்னதும்

மேலகரம்,
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள சுப்புவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு, சாரலில் நனையாமல் சுகமாகவே இருக்கிறோம். நீயும் ஸ்ரீமதியும் டப்ளின் குளிரில் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைக்காத நாளில்லை. போனில் பேசினால் நீ சொல்லிக்கொண்டே போவாய், நான் சரி சரி என்று வைத்துவிடுவேன், அதனால்தான் கடிதம். வரிசை தவறினால் எனக்கு எல்லாமே தவறிவிடும். ஆகவே எழுதப்போவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1. லேப்டாப்பில் வைஃபை நின்றபோது இங்கே வந்த நிபுணர்களின் லட்சணம்.
2. நான் அதைச் சரிசெய்த விதம்.
3. அது நின்றதற்குக் காரணம்.
4. புரட்டாசியில் வந்து வீட்டைப் பூட்டி, எங்களைக் கோயம்புத்தூர் முதியோர் குடியிருப்பில் சேர்க்கப்போவதாக நீ சொன்னதற்குப் பதில்.

முற்றத்துப் பாசியில் வழுக்கி அம்மாவுக்குக் காலில் புண் வந்ததிலிருந்து தினமும் சாயங்காலம் நீ லேப்டாப்பில் வருவாய், அம்மா காலைக் காட்டுவாள், நீ பார்த்துவிட்டு மருந்தைப் பற்றிக் கேட்பாய். அது நின்றுபோயிற்று. என் போனிலோ பட்டனைத் தவிர ஒன்றுமில்லை. உடனே நீ, ஒரு வைஃபையைக்கூடப் பாத்துக்க முடியல, நாளைக்கு அம்மாவுக்கு ஒண்ணுன்னா என்ன செய்வீங்க என்று கேட்டாய். நியாயமான கேள்விதான் என்று எனக்கும் பட்டது, எனக்கு யார் எதைச் சொன்னாலும் அப்படித்தான் படும். பிறகு நீ அனுப்பிய ஆளைப் பார்த்தேன், பயம் கொஞ்சம் தெளிந்தது.

உன் மாமா மகன் பாண்டித்துரை பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து தக்காளி வாசனையோடு வந்தான். வந்ததும் ரவுட்டரைப் பிடுங்கி மாட்டினான், மறுபடி பிடுங்கினான், அதைத் தூக்கி ஜன்னலில் வைத்தான், பாஸ்வேர்டை மாற்றினான், லேப்டாப்பை அணைத்துப் போட்டான், எல்லாவற்றையும் ஒரே மூச்சில். நான் கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்தவன், ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எது பலித்தது என்று தெரியாது என்று மெதுவாகச் சொன்னேன். நீங்க சும்மா இருங்க மாமா, இது லேபு இல்ல, நெட்டு என்றான். இத்தனைக்கும் அவன் போனில் நம் வீட்டு வைஃபையிலேயே யாரோ மீன் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். போனில் வருகிறது, லேப்டாப்பில் வரவில்லை என்றால் கோளாறு ரவுட்டரில் இல்லை என்பது கூடவா தெரியாது. கடைசியில் சாரல் காத்துல சிக்னல் நனைஞ்சு போகும்லா என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அம்மா போட்ட காப்பியில் சீனி கூடுதல் என்று குறையும் சொல்லிவிட்டுப் போனான். அடுத்த நாள் லேப்டாப்பைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்து, குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிற கூட்டத்தின் நடுவே பஸ்ஸில் நின்றபடி தென்காசிக்குக் கொண்டுபோனேன். கோவிலுக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் இசக்கியப்பன் மூடியைக்கூடத் திறக்கவில்லை, கையில் வாங்கி எடை பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, உள்ள கார்டு செத்துப்போச்சு அண்ணாச்சி, இத வித்துட்டுப் புதுசு வாங்குங்க என்றான். நாடி பிடிக்காமலே சாவுச் சேதி சொல்லும் வைத்தியனை அன்றுதான் பார்த்தேன். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அந்த நன்றிக்காக இன்னும் என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து நானே உட்கார்ந்தேன். முதலில் அந்தக் கம்ப்யூட்டரையே கேட்டேன். கோளாறைக் கண்டுபிடிக்கிறேன் என்று ஒரு கோடு வெகுநேரம் ஓடியது, பிறகு இன்டர்நெட்டில் உதவி தேடவும் என்று எழுதிக் காட்டியது. இன்டர்நெட் இல்லை என்றுதானே ஐயா உன்னிடம் வந்தேன். அதற்குப் பாண்டித்துரையே தேவலை. அப்புறம் செட்டிங்ஸில் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகத் திறந்து, படித்து, மூடினேன், எதையும் மாற்றவில்லை. டிவைஸ் மேனேஜர் என்ற இடத்தில் நெட்வொர்க் அடாப்டர் வரிசையில் வயர்லெஸ் என்று இருந்த பெயரின் மேல் மட்டும் எறும்பு அளவில் கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி. கார்டு சாகவில்லை, அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. வலது பக்கம் அமுக்கியதும் எனேபிள் என்று வந்தது. தொடலாமா கூடாதா என்று கொஞ்ச நேரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டுத் தொட்டேன். பாண்டித்துரை மாற்றி வைத்த பாஸ்வேர்டைப் போட்டதும் வைஃபை வந்துவிட்டது.

காரணம் என்னவென்றால், அந்தக் கம்ப்யூட்டர் யாரையும் கேட்காமல் தானாகவே அப்டேட் போட்டுக்கொள்கிறது, அதில் அதுவே தன் அடாப்டரை அணைத்துக்கொண்டிருக்கிறது. வேறு வழி இருக்க முடியாது, ஏனென்றால் நான் தொடவில்லை, வேறு யாரும் தொடவில்லை. ஊரையே இணைக்கிறேன் என்று பெருமை பேசும் ஒரு சாமானுக்குத் தன் கதவைத் தானே சாத்திக்கொண்டது தெரியவில்லை, இதை நம்பித்தான் நீ எங்கள் உயிரை அளக்கிறாய்.

ஆகவே நாங்கள் வரவில்லை. நீ அனுப்பிய வண்ணப் புத்தகத்தைப் பார்த்தேன், அதில் எங்களைப் போன்ற கிழடுகள் ஒரு காரணமும் இல்லாமல் சிரிக்கிறார்கள். காலையில் மணி அடித்தால் யோகா, சாயங்காலம் மணி அடித்தால் பஜனை. மணிக்கு எழுந்து மணிக்கு உட்கார்ந்துதானே ரிட்டயர் ஆனேன். அம்மாவின் புண் காய்ந்துவருகிறது, தென்காசி டாக்டரிடம் கட்டு மாற்றுகிறோம், அவர் கோபிக்காதவர். நான் தைரியசாலி இல்லை, ஆனால் இந்த வீட்டில் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று எனக்குத் தெரியும். அங்கே எல்லாவற்றுக்கும் புதிதாகப் பயப்பட வேண்டியிருக்கும். டிக்கெட் போட்டிருந்தால் எங்களைப் பார்த்துப்போகவென்று வா, பூட்டு வாங்கி வராதே.

ஸ்ரீமதியை வேலை வேலை என்று பட்டினி கிடக்க வேண்டாம் என்று சொல். நீயும் குளிரில் தலையை மூடிக்கொண்டு போ. பாண்டித்துரையிடம் நான் எழுதியதைச் சொல்லிவிடாதே, அவன் அம்மாவுக்கு வருத்தமாகும். நீங்கள் இருவரும் குறைவின்றி நீடூழி வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அப்பா,
பால்வண்ணநாதன்.

பி.கு. உறையில் போடுமுன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டவள் மூன்றாவதற்கு வந்ததும் சிரித்துவிட்டாள். அது தானா ஒண்ணும் நிக்கல, நாந்தான் நிப்பாட்டுனேன், போன வருசம் சுப்பு போன்ல சொல்லிச் சொல்லி டிசேபிள் குடு, அப்புறம் எனேபிள் குடுன்னு என்னையத்தான செய்யச் சொன்னான், நீங்க பயந்துக்கிட்டு அங்கன தள்ளி நின்னீங்க, அதுல முதப் பாதிய மட்டும் செஞ்சேன் என்கிறாள். ஏன் என்று கேட்டேன். பெத்த புள்ள மூஞ்சிக்கு நேரா தெனமும் காலத் தூக்கி நீட்டுதேன், அது வெளங்குமா, மூஞ்சியப் பாக்கணும்னா நான் தெனமும் வந்து உக்காருதேன் என்கிறாள். எனக்கு இது தோன்றவே இல்லை, உனக்கும் தோன்றியிருக்காது. இனிமேல் புண்ணை நான் பார்த்து உனக்குச் சொல்கிறேன், நீ அவள் முகத்தைப் பார். நான்காவதில் ஒரு எழுத்தும் மாற்ற மாட்டேன். கம்ப்யூட்டரைப் பற்றி நான் எழுதியது அபாண்டம், மூன்றாவது தவறு.