மூன்று நாள் நோன்பு

ஓஷ் நகரம்,
மார்ச் 2

அன்புள்ள தம்பி மமாசாலிக்கு,

ஸலாம். முழங்கால் வலி தேவலையா? நம் ஊர் வேன் டிரைவர் சொன்னது நிஜமா? ஊராட்சித் தேர்தலில் மறுபடி நிற்கும் தோக்தோசுன், பள்ளிவாசலில் ஒவ்வொருவர் கையையும் குர்ஆன் மேல் வைக்கச் சொல்லி, தனக்கே ஓட்டு என்று சத்தியம் வாங்கினானாம். குர்ஆனைப் பிடித்துக்கொண்டு நின்ற இமாம் நீதானாம். சோவியத் காலத்தில் அப்பா மாவு மூட்டைக்குள் ஒளித்துக் காப்பாற்றிய குர்ஆன் அது. இதற்காகவா காப்பாற்றினார்? எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நான் வரப்போவதில்லை.

உன் அக்கா,
பாத்மாகான்

மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். வலி அப்படியேதான். நகரத்தில் இருந்துகொண்டு நீ சுலபமாக எழுதிவிட்டாய். பள்ளிவாசலுக்குக் கூரை போட்டவன் அவன். "சும்மா புடிச்சுக்கிட்டு நில்லுங்க இமாம், மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றான். நின்றேன்.

நேற்று விதவை ஐச்சுரோக் வந்தாள். "நாலு வருஷமா வாய்க்கால்ல தண்ணி விடாதவனுக்கு ஓட்டுப் போடணுமா? போடலைன்னா எனக்கு நரகமா?" என்று கேட்டாள். அப்புறம் வா என்று அனுப்பிவிட்டேன். பயமாக இருக்கிறது அக்கா.

உன் தம்பி

மார்ச் 8

தம்பி,

பயப்படு. அவளுக்குப் பதில் சொல்லிவிட்டுப் பயப்படு. சத்தியத்தை முறித்தால் என்ன பரிகாரம் என்று அப்பா உனக்கும் சொல்லித்தானே தந்தார். திரைக்குப் பின்னால் ஓட்டுப் போடும்போது தோக்தோசுன் கூட வர முடியாது. அல்லாஹ் மட்டும்தான் இருப்பான்.

அக்கா

மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் சொல்லிவிட்டேன். "மனசாட்சிக்கு விரோதமா வாங்கின சத்தியத்தை முறிக்கலாம். பத்து ஏழைகளுக்குச் சோறு போடுங்க. முடியாதவங்க மூணு நாள் நோன்பு வைங்க."

தோக்தோசுன் முன்வரிசையில் சிரித்தான். "நல்லது இமாம். தேர்தல் முடிஞ்சதும் யார் யார் நோன்பு வைக்கிறாங்கன்னு பாத்துடறேன்" என்றான். அது எனக்குத் தோன்றவே இல்லை அக்கா. ரகசிய ஓட்டை நானே காட்டிக்கொடுத்துவிட்டேனே!

ஞாயிற்றுக்கிழமை அவன் தோற்றான். திங்களன்று அவனுடைய ஆட்கள் வீடு வீடாகத் தேநீர் குடிக்கப் போனார்கள். வந்தவர்களோடு உட்கார்ந்து ஒரு துண்டு ரொட்டியாவது பிய்க்காத வீடு நம் ஊரில் உண்டா? அன்று எல்லா வீட்டிலும் விருந்தாளிக்கு ரொட்டி வைத்துவிட்டுத் தாங்கள் கை வைக்காமல் இருந்தார்கள். ஐச்சுரோக் முன்பே வாசல் வாசலாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள்: "அவனுக்குப் போட்டவங்களும் நோன்பு வைங்க, போடாதவங்களும் வைங்க." தோக்தோசுனின் மாமனார்கூட வைத்தார்.

யாரையும் பிடிக்க முடியாமல் என்னைப் பிடித்தார்கள். பள்ளிவாசல் சாவியை வாங்கிக்கொண்டார்கள். நான் சத்தியம் செய்யவில்லைதான். குர்ஆனைப் பிடித்துக்கொண்டு நின்ற கைக்காக மூன்று நாளும் நோன்பு வைத்தேன்.

அப்பாவின் குர்ஆனைக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். மேசை மேல் இருக்கிறது. பெருநாளுக்கு வா.

உன் தம்பி,
மமாசாலி