திருப்பிச் சொல்ல ஒரு ஆள்

7 ஜூலை 2025, திங்கள்

லாஸ்யா மேடம் கொடுத்த தாளை இன்றுதான் பிரித்தேன். ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் ஆஸிமைப் பார்க்கிற மனநல ஆலோசகர் அவர். தாளில் நாலு கட்டம்: தன்னைப் பார்த்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, சொல்வதைப் புரிந்துகொள்வது, வேலை. சிரமமே இல்லை என்றால் பூஜ்ஜியம், சுத்தமாக முடியவில்லை என்றால் நாலு. பதினைந்து வருஷமாக டியூஷன் பிள்ளைகளுக்கு மார்க் போடுகிறவள் நான். கட்டின புருஷனுக்கும் போடுவேன் என்று நினைக்கவில்லை. அதுவும் தலைகீழ் மார்க்!

22ஆம் தேதி மருத்துவக் குழு. ரயில் ஓட்டத் தகுதியில்லை என்று எழுதினால் இவருக்கு ஆபீஸில் வேறு வேலை. தகுதி என்றால் மறுபடி எஞ்சின். ஏப்ரலில் இருகூர் தாண்டி ஒரு மனிதர் தண்டவாளத்தில் வந்து நின்றார். இவர் பிரேக் போட்டும் வண்டி நிற்கவில்லை. அன்றிலிருந்து லீவு. இவர் எஞ்சினில் ஏறக் கூடாது. எனக்கு அவ்வளவுதான் வேண்டும்.

குளித்தார், சாப்பிட்டார், பக்கத்து வீட்டுக்காரருக்கு சலாம் சொன்னார். எல்லாக் கட்டத்திலும் 1.

10 ஜூலை, வியாழன்

இந்த ரெட், கிரீன் கூத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

எஞ்சினில் வழக்கமே அதுதானாம். ஓட்டுகிறவர் சிக்னலைப் பார்த்து உரக்கச் சொல்ல வேண்டும். வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிற அசிஸ்டென்ட் தானும் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். இப்போது அது வீட்டுக்குள் வந்துவிட்டது. குளியலறை வாசலில் நின்று "கிரீன்" என்பார். நான் அடுப்படியிலிருந்தே "கிரீன்" என்பேன். போவார். சில நேரம் "ரெட்" என்பார். "கிரீன்தானுங்க, போங்க" என்று ஒரு அதட்டல் போட்டால் போய்விடுவார். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது இருக்கும். மகள் ஆஃப்ரின் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டே தலை தூக்காமல் பதில் சொல்கிறாள். பத்து வயசுப் பிள்ளை.

12 ஜூலை, சனி

1, 1, 1, 1.

15 ஜூலை, செவ்வாய்

லாஸ்யா மேடம் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க ரிஃபானா, நீங்க ஒண்ணுமே சொல்லாம அவரா செஞ்சதுக்குப் போட்ட மார்க்குங்களா இது?"

பாதி விடையை நானே சொல்லிக் கொடுத்துவிட்டு, பையன் கெட்டிக்காரன் என்று முழு மார்க் போடுகிற வேலையை அல்லவா செய்திருக்கிறேன்!

"நாளைக்கு ஒரு நாள் சும்மா இருந்து பாருங்க" என்றார்.

16 ஜூலை, புதன்

ஆஃப்ரினைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ஒன்பது மணிக்குக் குளியலறை வாசலில் "ரெட்" என்றார். நான் பேசவில்லை. நின்றார். பத்து மணி. பதினொன்று. கிட்டப் போய் முகத்தைப் பார்த்தேன் — கதவுக்கு மேலே, சுவரில் ஒன்றுமே இல்லாத ஓரிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டரைக்குக் கைலி நனைந்தது. அப்போதும் நகரவில்லை. யா அல்லாஹ், நானெல்லாம் என்ன பொம்பளை! "கிரீன், கிரீன், போங்க மச்சான்" என்று கத்திப்போட்டேன். போனார்.

கைலியை அலசிவிட்டு வந்து 4 போட்டேன்.

19 ஜூலை, சனி

காலையில் குளியலறை வாசலில் "கிரீன்" என்றார். நான் வாய் திறப்பதற்குள் தலையை வலப்பக்கம் கொஞ்சம் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டார். தலையாட்டினார். உள்ளே போனார்.

நான் சொல்லவில்லை. ஆஃப்ரின் ஓதப் போயிருந்தாள்.

22 ஜூலை, செவ்வாய்

மருத்துவக் குழு. என்னை வெளி பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். இவர் தனியாக வராந்தாவில் மூன்று கதவுகளைத் தாண்டிப் போக வேண்டும். நின்றுபோவார் என்றுதான் நினைத்தேன் — நின்றுபோகட்டும் என்று துஆ கேட்டேன் என்பதே நிஜம். ஒவ்வொரு கதவிலும் ஒரு முணுமுணுப்பு, வலப்பக்கம் ஒரு சாய்ப்பு. போய்விட்டார். உள்ளே கேட்டதற்கெல்லாம் பளிச்சென்று பதிலாம்.

"ரொம்பத் தெளிவா இருக்காருங்க. உங்க தாள்ல நாலுன்னு இருக்குதே?" என்றார் பெரிய டாக்டர். நாளை சாயங்காலம் முடிவு எழுதுவார்களாம்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "மச்சான், நான்தான் அங்க இல்லையே. யாரு திருப்பிச் சொன்னது?"

"அவருதான்."

"எவரு?"

"இருகூர்ல ஏறினாரே, அவரு. நல்ல மனுசன் அம்மணி. உன்னையாட்டம் பார்க்காம சொல்றதில்ல."

மூன்று பேர் உட்காருகிற சீட். இவர் நடுவில் உட்கார்ந்து, வலப்பக்கம் ஜன்னலோரத்தைக் காலியாக விட்டிருந்தார்.

23 ஜூலை, புதன்

ஏப்ரலுக்குப் பிறகு இன்றுதான் சிரித்தார். தானே ஷேவ் செய்துகொண்டார். சட்டை தேய்த்தார். ஆஃப்ரினுக்குத் தலை பின்னிவிட்டார். தாளை வைத்துப் பார்த்தால் நாலு கட்டமும் பூஜ்ஜியம். சொல்லாமல் விட்டால்தான் என்ன? மனுஷன் நன்றாக இருக்கிறாரே.

ஆனால் ஒரு ரயிலில் எத்தனை பேர்! சிக்னலைப் பார்த்துச் சொல்வது யார் என்று தெரியாமல் பின்னால் தூங்கிக்கொண்டு வருவார்களே.

"அவரைப் பத்தி யார்கிட்டயும் சொல்லிப்போடாதே அம்மணி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். இவர் என்னிடம் எதற்கும் கெஞ்சியதில்லை.

பதினொன்றரைக்கு மொட்டைமாடிக்குப் போய் லாஸ்யா மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். துரோகம்தான். இருக்கட்டும்.

18 ஆகஸ்ட், திங்கள்

கடிதம் வந்துவிட்டது. இனி எஞ்சின் கிடையாது. அடுத்த மாதம் முதல் ஆபீஸில் வேலை. சிகிச்சை தொடர வேண்டும். மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. என்னோடு பேச்சும் அவ்வளவாக இல்லை.

கடிதத்தை இரண்டு தடவை படித்தார். சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன்.

"அப்ப அவர எங்க எறக்கி உடறது அம்மணி?" என்றார்.

"இங்கயே எறங்கட்டுங்க மச்சான். நம்ம ஊடுதானே" என்றேன்.

வாசல் கதவைத் திறந்து பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சாத்தினார். ரெட், கிரீன் எதுவும் சொல்லாமல், யாருக்கும் காது கொடுக்காமல், நேராகக் குளிக்கப் போய்விட்டார். தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்கிறது.

ஹாலில் நான் தனியாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தனியாக என்று எழுதத்தான் கை தயங்குகிறது.